சீனாவில் காப்பி மோகம். வல்லக்கோட்டையில் விலை ஏற்றம்!

வெள்ளிக்கிழமை காலை. வல்லக்கோட்டை சுப்பிரமணிய சுவாமி கோவில் வாசலில் கூட்டம் நிறைந்திருக்கிறது. அருணகிரிநாதர் "கோடைநகர்" என்று பாடிய ஊர் இதுதான். ஏழடி உயரத்தில் நிற்கும் முருகனைத் தரிசிக்க ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

சாலையில் வேறொரு கூட்டம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், வடகால் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழிற்சாலை. இரவு ஷிப்ட் முடித்தவர்களை இறக்கிவிட்டு, காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன.

சாமி கும்பிட்டு வருகிறவர்களும் சரி, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் சரி, போய் நிற்கிற இடம் ஒன்றுதான். அது காப்பிக் கடை. பித்தளை டபராவும் டம்ளரும் பளபளக்க, "டிகிரி காப்பி" என்று பலகை தொங்கும் கடை.

இந்தக் கடைகளில் கொஞ்ச காலமாக ஒரே பேச்சு. "காப்பி விலை ஏன் இப்படி ஏறுகிறது?"

சென்னையில் 2025 செப்டம்பர் மாதம் டீ 12 ரூபாயிலிருந்து 15 ரூபாய் ஆயிற்று. காப்பி 15 ரூபாயிலிருந்து 20 ரூபாய் ஆயிற்று. சென்னையில் அடித்த காற்று ஒரகடத்தில் அடிக்காமல் இருக்குமா?

ஒரு டம்ளருக்கு ஐந்து ரூபாய். கேட்கச் சின்னத் தொகைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 25 நாள் வேலைக்குப் போகிறவர் நாளுக்கு இரண்டு காப்பி குடித்தால், மாதத்துக்கு 250 ரூபாய் கூடுதல். வருஷத்துக்கு 3,000 ரூபாய். ஊரில் இருக்கும் தாய்க்கு ஒரு தீபாவளிப் புடவையும், தம்பிக்கு ஒரு சட்டையும் எடுக்கிற பணம் அது!

இந்த ஐந்து ரூபாய் எங்கிருந்து வந்தது? "சீனாக்காரன் காப்பி குடிக்க ஆரம்பித்து விட்டான். அதனால்தான் விலை ஏறிவிட்டது" என்று சிலர் சொல்கிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை?

டீ குடித்த தேசம்

சீனா டீயின் தாய்நாடு. "டீ" என்ற பெயரும், "சாயா" என்ற பெயரும் சீன மொழியிலிருந்து பிறந்தவைதான். அந்த நாட்டில் விருந்தாளி வந்தால் டீ. வியாபாரம் பேசினால் டீ. கல்யாணத்தில் பெரியவர்களுக்கு மரியாதை செய்யவும் டீ.

அப்படிப்பட்ட தேசத்தில் காப்பி நுழைந்தது பெரும்பாலும் டப்பாவில் வந்த உடனடிக் காப்பித் தூளாகத்தான். வெந்நீரில் கலக்கிக் குடிக்கிற அந்தத் தூளை மேல்நாட்டுப் பரிசுப்பொருள் மாதிரி கொடுத்து வாங்கினார்கள்.

1999 ஜனவரி மாதம் அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் கம்பெனி பீகிங் நகரில் தன் முதல் கடையைத் திறந்தது. அடுத்த வருஷமே சீனச் சக்கரவர்த்திகள் வாழ்ந்த பழைய அரண்மனைக்குள்ளேயும் ஒரு கடை வைத்தது. "எங்கள் அரண்மனைக்குள் அன்னியர் காப்பிக் கடையா?" என்று ஆட்சேபம் கிளம்பியது. 2007-ல் அந்தக் கடை மூடப்பட்டது.

கடை மூடப்பட்டாலும் காப்பி ருசி மூடப்படவில்லை. பட்டணத்து வாலிபர்களும், ஆபீஸ் போகும் பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்று நிலைமை என்ன? 2023 முடிவில் சீனாவில் கம்பெனிப் பெயரோடு நடக்கும் காப்பிக் கடைகள் ஏறத்தாழ 49,700. அந்த எண்ணிக்கையில் அமெரிக்காவையே சீனா தாண்டிவிட்டது. ஷாங்காய் என்ற ஒரே நகரத்தில் மட்டும் 9,000-க்கு மேல் காப்பிக் கடைகள்!

பதினைந்து மாடிக் கட்டடத்தில் வேலை செய்கிறவன், கீழே இறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு காப்பிக் கடை இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாற்காலி இல்லாத கடை

ஸ்டார்பக்ஸ் கடையில் ஒரு காப்பி ஏறத்தாழ 30 யுவான். நம் பணத்தில் சுமார் 360 ரூபாய். மெத்தை நாற்காலி, பாட்டு, குளிர்ந்த காற்று எல்லாம் சேர்த்து அந்த விலை.

2017-ல் லக்கின் என்ற சீனக் கம்பெனி புறப்பட்டது. அது வேறு வழியில் யோசித்தது. "நாற்காலி எதற்கு? பெரிய இடம் எதற்கு? கல்லாவில் ஆள் எதற்கு?" என்று கேட்டது.

லக்கின் கடை சின்ன அறை. காப்பி வேண்டுமா? கைபேசியில் சொல்ல வேண்டும். பணத்தையும் அதிலேயே கட்ட வேண்டும். போய் எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். நின்று பேச இடமில்லை.

இடையில் ஒரு பெரிய ஊழலும் நடந்தது. 2019-ம் வருஷக் கணக்கில் சுமார் 220 கோடி யுவான் விற்பனை பொய்யாக எழுதப்பட்டிருந்தது 2020-ல் வெளிவந்தது. அமெரிக்கப் பங்கு மார்க்கெட்டிலிருந்து அந்தக் கம்பெனியை வெளியேற்றினார்கள். "இதோடு தீர்ந்தது" என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தீரவில்லை! நிர்வாகம் மாறியது. கடைகள் பெருகின. 2023-ல் 10,000 கடைகளைத் தாண்டியது. 2024-ல் 20,000-ஐத் தாண்டியது. சீனாவில் நடக்கும் விற்பனையில் ஸ்டார்பக்ஸை முந்தியது.

வெளியேற்றப்பட்ட பழைய முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 2022-ல் காட்டி என்ற போட்டிக் கடையை ஆரம்பித்தார்கள். அதன் பிறகு நடந்தது விலை யுத்தம். 2023-ல் ஒரு காப்பி 9.9 யுவானுக்கு இறங்கியது. நம் பணத்தில் சுமார் 120 ரூபாய். ஸ்டார்பக்ஸ் விலையில் மூன்றில் ஒரு பங்கு!

போட்டி தாங்காமல் ஸ்டார்பக்ஸ் தன் சீன வியாபாரத்தில் 60 சதவீதம் வரை ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு விட்டுக்கொடுப்பதாக 2025 நவம்பரில் அறிவித்தது.

எப்படிக் குடிக்கிறார்கள்?

சீனர்களின் ருசி தனி ருசி. பெரும்பாலோருக்குக் கசப்பு பிடிக்காது. பால் வேண்டும். தித்திப்பு வேண்டும். ஐஸ் வேண்டும். பழ வாசனை வேண்டும்.

2021-ல் லக்கின் தேங்காய்ப் பால் கலந்த காப்பியைக் கொண்டுவந்தது. ஜனங்கள் விழுந்து விழுந்து குடித்தார்கள். தேங்காய்ப் பாலை ஆப்பத்துக்கு ஊற்றுகிற நம்மவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும்.

அதைவிட வேடிக்கை 2023 செப்டம்பர் 4-ந் தேதி நடந்தது. மவுத்தாய் என்பது சீனாவின் பேர்போன சாராயம். அதன் வாசனை சேர்த்த காப்பியை அன்று லக்கின் விற்றது. ஒரே நாளில் 54 லட்சம் கோப்பைக்கு மேல் விற்றுத் தீர்ந்தது!

உடம்பு இளைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பாலில்லாத கறுப்புக் காப்பியை ஐஸ் போட்டுக் குடிக்கிறார்கள். ஆனால் பெருங்கூட்டம் பால் காப்பிப் பக்கம்தான்.

காப்பிச் செடியும் அங்கே வளர்கிறது. தெற்கே யுன்னான் மாகாணத்தில்தான் சீனாவின் காப்பி அநேகமாக முழுவதும் விளைகிறது. அதிலும் அதிகம் விளைவது பூவர் வட்டாரத்தில். பூவர் என்பது உலகப் பிரசித்தி பெற்ற ஒரு டீயின் பெயர். டீயின் பெயரைச் சுமந்த ஊரில் இன்று காப்பி காய்க்கிறது.

நேற்று நாம், இன்று அவர்கள்

சீனாவைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நம் வீட்டுக் கதையையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் பாட்டனாரின் பாட்டனார் காலையில் எழுந்ததும் காப்பியா குடித்தார்? இல்லை. பழைய சோறும் நீராகாரமும்தான். காப்பி நம் வீட்டு அடுப்பங்கரைக்கு வந்து ஏறக்குறைய நூறு வருஷம்தான் ஆகிறது.

யெமன் நாட்டிலிருந்து பாபா புதான் என்ற மகான் ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்று சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் ஏற்காடு, நீலகிரி, குடகு மலைகளில் பெரிய தோட்டங்களைப் போட்டார்கள்.

இலங்கைக்கு நம் ஜனங்கள் முதலில் போனதும் டீ பறிக்க அல்ல, காப்பி பறிக்கத்தான். 1869-ல் அங்கே காப்பி இலையில் துரு நோய் கண்டது. சில வருஷங்களில் காப்பித் தோட்டங்கள் பாழாகின. அதற்குப் பிறகுதான் டீ வந்தது.

காப்பி இங்கே பரவியபோதும் பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். "இது உடம்பைக் கெடுக்கும், பணத்தைக் கரைக்கும்" என்றார்கள். யார் கேட்டார்கள்? பட்டணத்தில் படித்தவர் குடித்தார். அவரைப் பார்த்து மற்றவர் குடித்தார். இன்று சீனாவில் நடப்பதும் அதேதான்.

நாமும் காப்பியை வந்தபடியே ஏற்றுக்கொள்ளவில்லை. பாலை ஊற்றினோம். சர்க்கரை போட்டோம். டபராவில் ஆற்றினோம். அவர்கள் தேங்காய்ப் பால் ஊற்றுகிறார்கள். ஊருக்கு ஊர் ருசி வேறு, ஆசை ஒன்றுதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் காப்பி வீட்டில் பிறந்தது. அடுப்பங்கரையில் பில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும் வாசனையில்தான் பிள்ளைகள் கண்விழிக்கிறார்கள். சீனாக்காரரின் காப்பி வீதியில் பிறந்தது. கைபேசியில் சொன்னால்தான் வரும்.

விலையை ஏற்றியது யார்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். விலையை ஏற்றியது சீனாதானா?

உலகத்தில் விளையும் காப்பியில் சீனா குடிப்பது நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்குதான். ஒரு சீனர் வருஷம் முழுவதும் குடிப்பது சராசரியாக இருபது கோப்பை அளவில் இருக்கிறது. நம் ஊர் காப்பிப் பிரியர் பத்தே நாளில் அதைக் குடித்துவிடுவார். ஆகவே, "எல்லாக் காப்பியையும் சீனாக்காரன் குடித்துவிட்டான்" என்பது சரியல்ல.

அப்படியானால் உண்மைக் காரணம் என்ன? வானம்தான் முதல் காரணம்.

உலகத்தில் அதிகம் காப்பி விளைவிப்பது பிரேசில். அடுத்தது வியட்நாம். 2024-ல் பிரேசிலில் கடும் வறட்சி. அதற்கு முன்பே வியட்நாமிலும் மழை பொய்த்தது. முதல் இரண்டு களஞ்சியங்களிலும் ஒரே சமயத்தில் நெல் குறைந்தது போல ஆயிற்று.

2025 பிப்ரவரியில் நியூயார்க் மார்க்கெட்டில் அராபிகா காப்பி ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை கண்டிராத விலை அது. 1975-ல் பிரேசிலில் உறைபனி விழுந்து செடிகள் கருகியதால் 1977-ல் ஏறிய பழைய உச்சத்தையும் அது தாண்டிவிட்டது.

போதாக்குறைக்கு, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா பிரேசில் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. காப்பியும் அதில் மாட்டியது. அந்தச் சமயம் பார்த்துச் சீனா 183 பிரேசில் காப்பிக் கம்பெனிகளுக்குத் தன் நாட்டில் விற்க அனுமதி கொடுத்தது. அமெரிக்கா கதவைச் சாத்த, சீனா கதவைத் திறந்தது! அந்த வருஷம் நவம்பரில் அமெரிக்கா காப்பி மீது போட்ட வரியை விலக்கிக்கொண்டது.

லக்கின் கம்பெனி அதற்கு முன்பே, 2024 நவம்பரில், ஐந்து வருஷத்தில் 2 லட்சத்து 40 ஆயிரம் டன் பிரேசில் காப்பி வாங்குவதாக ஒப்பந்தம் போட்டிருந்தது.

இங்கேதான் சீனாவின் பங்கு வருகிறது. வல்லக்கோட்டை கோவில் வாசலில் பூ விற்கும் அம்மாளைக் கேட்டால் இதை நன்றாகச் சொல்லுவார். சாதாரண நாளில் மல்லிகை ஒரு விலை. கிருத்திகை வந்தால் வேறு விலை. பனிக்காலத்தில் பூ வரத்துக் குறைந்திருக்கும்போதே கிருத்திகையும் வந்துவிட்டால்? புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் முழம் விலை இரட்டிப்பாகும்.

காப்பியிலும் அதுதான் கதை. வறட்சி என்பது பனிக்காலம். சீனா என்பது கிருத்திகைக்கு வந்த புதுக் கூட்டம். வரத்துக் குறைந்த நேரத்தில் வாங்குபவர் கூடினார். விலை ஏறியது.

நியூயார்க் விலை இங்கே எப்படி வந்தது?

"நம் நாட்டிலேயே காப்பி விளைகிறதே! பிரேசிலில் மழை இல்லாவிட்டால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

இந்தியக் காப்பியில் நூற்றுக்கு எழுபது பங்கு கர்நாடகத்தில் விளைகிறது. கேரளம் ஏறக்குறைய இருபது பங்கு. நம் தமிழ்நாடு ஐந்து பங்கு அளவில். ஆனால் விளைவதில் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாடு போய்விடுகிறது. 2024-25 வருஷத்தில் மட்டும் சுமார் 180 கோடி டாலர் மதிப்புள்ள காப்பி ஏற்றுமதி ஆயிற்று.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. 1942-ம் வருஷச் சட்டப்படி தோட்டக்காரர்கள் காப்பிக் கொட்டையைக் காப்பி போர்டிடம் ஒப்படைக்க வேண்டும். போர்டுதான் உள்நாட்டுக்கு இவ்வளவு, வெளிநாட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து விற்கும். உலக விலை இங்கே நேராக வந்து இடிக்காமல் நடுவில் ஒரு மதில் இருந்தது.

அந்த மதிலில் தோட்டக்காரர்களுக்குக் குறையும் இருந்தது. பணம் தவணை தவணையாகத்தான் கைக்கு வந்தது. 1992 முதல் கட்டுப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. 1996-ல் முழுவதும் நீங்கியது. தோட்டக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்றாயிற்று.

அன்றிலிருந்து நியூயார்க்கில் விலை ஏறினால் குடகில் ஏறும். குடகில் ஏறினால் கும்பகோணத்தில் ஏறும். கும்பகோணத்தில் ஏறினால் வல்லக்கோட்டையில் ஏறாமல் இருக்குமா?

பத்து கிராம் கணக்கு

ஆனால் டம்ளருக்கு ஐந்து ரூபாய் ஏறியதற்குக் காப்பிக் கொட்டை மட்டும்தான் காரணமா? ஒரு சின்னக் கணக்கு இதற்குப் பதில் சொல்லும்.

ஒரு டம்ளர் காப்பிக்குச் சுமார் 10 கிராம் தூள் போதும். ஆக, ஒரு கிலோ தூளில் 100 டம்ளர். தூள் விலை கிலோவுக்கு 100 ரூபாய் ஏறினால், டம்ளருக்கு ஏறுவது 1 ரூபாய்தான். 200 ரூபாய் ஏறினால் 2 ரூபாய்.

மீதி எங்கே போகிறது? பால், சர்க்கரை, கியாஸ், கடை வாடகை, ஆள் சம்பளம். ஒரகடம் சாலையில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக இட வாடகையும் ஏறியது. வேலைக்கு ஆள் கிடைப்பதும் கஷ்டம். கம்பெனியில் வேலை இருக்கும்போது டம்ளர் கழுவ யார் வருவார்கள்?

ஆகவே டம்ளரில் ஏறிய ஐந்து ரூபாயில் கொஞ்சம் பிரேசில் வானத்துக்கு, கொஞ்சம் சீன வாலிபருக்கு, மிச்சம் இந்தச் சாலைக்கே.

கடைக்காரர் முன் மூன்று வழிகள்

தூள் விலை ஏறினால் கடைக்காரர் என்ன செய்வார்? அவருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, விலையை ஏற்றுவது. வாடிக்கைக்காரர் முகம் சுளிப்பார். ஆனால் நேர்மையான வழி இதுதான்.

இரண்டாவது, டம்ளரைச் சிறிதாக்குவது. நுரையை மேலே நிறையக் காட்டுவது. நுரையை ஊதிவிட்டுப் பார்த்தால் பாதி டம்ளர்தான் இருக்கும்.

மூன்றாவது, சிக்கரியைக் கூட்டுவது. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதை வறுத்து அரைத்தால் கறுப்பாக, கெட்டியாகக் காப்பி போலவே இருக்கும். விலை குறைவு. சிக்கரி கலப்பது குற்றமல்ல. கொஞ்சம் கலந்தால்தான் நம்மவர்களில் பலருக்கு ருசிக்கும். ஆனால் அளவு உண்டு. சிக்கரி 49 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எது எவ்வளவு என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும். இது சட்டம்.

வீட்டுக்குத் தூள் வாங்கும் தாய்மார்கள் இந்த ஒரு வரியைப் பொட்டலத்தில் தேடிப் படிக்க வேண்டும். 80-க்கு 20 என்று எழுதியிருக்கும் தூளும், 53-க்கு 47 என்று எழுதியிருக்கும் தூளும் ஒரே விலையாக இருக்க நியாயமில்லை. பளபளப்பான காகிதத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். மாதம் ஐம்பது நூறு மிச்சம்.

உடனடிக் காப்பித் தூள் மீதிருந்த ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதுவும் வாங்குகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

தோட்டக்காரருக்கு நல்ல காலமா?

விலை ஏறினால் யாருக்காவது லாபம் இருக்க வேண்டும் அல்லவா?

குடகிலும் வயநாட்டிலும் ரொபஸ்டா காப்பி விளைவிப்பவர்கள் 2024-ல் சிரித்தார்கள். 50 கிலோ காய் மூட்டை 10,000 ரூபாயைத் தாண்டியது. பல வருஷங்கள் நஷ்டத்தில் ஓட்டியவர்கள் கடனை அடைத்தார்கள்.

இதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை. 2001, 2002 வருஷங்களில் இதே காப்பி விலை பாதாளத்துக்கு விழுந்தது. பறிக்கிற கூலிக்கும் கட்டாது என்று காயைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு. அப்போது காப்பிக் கடையில் டம்ளர் விலை குறைந்ததா? யாருக்கும் ஞாபகம் இல்லை! ஏறும்போது ஏறும் விலை, இறங்கும்போது இறங்குவதில்லை. சிந்திக்க வேண்டிய இடம் இதுதான்.

மார்க்கெட்டில் கொட்டை விலை இறங்குகிற காலத்திலும் கடைப் பலகையில் 20 என்று எழுதிய எண் அழியாமல் இருந்தால், அப்போது சீனாவைக் குறை சொல்ல முடியாது.

கோப்பை மட்டும் போதுமா?

காப்பிக் கடை என்பது காப்பிக்காக மட்டும் அல்ல. உட்கார ஓர் இடம். நாலு பேரோடு பேச ஓர் இடம்.

அந்த இடமும் நம் நாட்டில் சும்மா கிடைத்துவிடவில்லை. அந்தக் காலக் காப்பி கிளப்புகளில் எல்லோரும் ஒன்றாக உட்கார முடியாது. ஜாதிக்கு ஒரு பக்கம் என்று தடுப்பு இருந்தது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் முன் பெரியார் ஈ.வெ.ரா. கிளர்ச்சி நடத்தினார். பெயர்ப் பலகையில் "பிராமணாள்" என்ற சொல் கூடாது என்பது கோரிக்கை. மாதக்கணக்கில் மறியல் நடந்தது. எத்தனையோ பேர் கைதானார்கள். முடிவில் அந்தச் சொல் நீக்கப்பட்டது.

அதே 1957-ல் இன்னொரு காரியமும் நடந்தது. 1936-ல் பம்பாயில் தொடங்கிய இந்தியக் காப்பி ஹவுஸ் கடைகளை மூடிவிடக் காப்பி போர்டு முடிவு செய்தது. வேலை இழந்த ஊழியர்கள் சோர்ந்துவிடவில்லை. கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் யோசனைப்படி கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரிலும், அக்டோபரில் டில்லியிலும் தாங்களே கடையை நடத்த ஆரம்பித்தார்கள். பரிமாறியவர்களே முதலாளிகள்! அந்தக் காப்பி ஹவுஸ்கள் பல ஊர்களில் இன்னும் நடக்கின்றன. ஒரு காப்பி வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள் என்பது அவற்றின் பெயர்.

இந்தப் பின்னணியில் வல்லக்கோட்டைச் சாலையைப் பார்க்க வேண்டும்.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டு 17-ந் தேதி பெண் தொழிலாளர்களுக்காக ஒரு பெரிய விடுதி திறக்கப்பட்டது. 706 கோடி ரூபாய்ச் செலவில் கட்டியது. 18,720 பேர் தங்கலாம். ஒரு சின்னப் பட்டணத்தின் ஜனத்தொகை அது! தூரத்து மாவட்டங்களிலிருந்து வந்து கைபேசி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களுக்காக ஏற்பட்ட விடுதி.

இந்த வட்டாரத்துக்கும் சீனாவுக்கும் தொடர்பு காப்பியால் மட்டும் அல்ல. ஒரு காலத்தில் சீனாவிலேயே செய்த கைபேசிகளை இன்று இங்கே செய்கிறார்கள். வேலை கற்றுக்கொடுக்கச் சீன எஞ்சினீயர்களும் வந்தார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்கள் திரும்ப அழைக்கப்பட்டதாக 2025 ஜூலையில் செய்தி வந்தது. ஷாங்காய்ப் பெண் காப்பி வாங்கப் பணம் கட்டுகிற கைபேசியும், ஒரகடத்துப் பெண் கையால் பூட்டுகிற கைபேசியும் ஒரே ஜாதிதான்.

இந்தப் பெண்கள் வார விடுமுறை நாளில் எங்கே போவார்கள்? கோவிலுக்குப் போவார்கள். கடைத்தெருவுக்குப் போவார்கள். ஒரு டம்ளர் காப்பியோடு தோழியிடம் பத்து நிமிஷம் மனம்விட்டுப் பேச எங்கே உட்காருவார்கள்?

சாலையோர டீக்கடை பெஞ்சு நெடுங்காலமாக ஆண்களுக்கே உரியதாக இருந்துவிட்டது. பெண் ஒருத்தி தனியாக வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மேஜை நாற்காலி போட்ட டிகிரி காப்பிக் கடைகள் வந்த பிறகுதான் அந்தக் கூச்சம் கொஞ்சம் விலகியது. திருநெல்வேலிப் பெண்ணும், திருவண்ணாமலைப் பெண்ணும், ஒரிசாவிலிருந்து வந்த வாலிபரும், கோவிலுக்கு வந்த குடும்பமும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்காருகிறார்கள். யார் என்ன ஜாதி என்று கேட்பவர் இல்லை. 1957-ல் மறியல் செய்து வாங்கிய இடம், இங்கே சத்தமில்லாமல் நிறைந்திருக்கிறது.

20 ரூபாய்க் காப்பி 30 ரூபாய் ஆனால், முதலில் எழுந்து போகிறவர் இந்தப் பெண்தான். வாடகை தாளாமல் கடைக்காரர் நாற்காலியை எடுத்துவிட்டு, ஜன்னல் வழியாக மட்டும் காப்பி கொடுக்க ஆரம்பித்தாலும் நஷ்டம் அவருக்குத்தான்.

சீனாவிலிருந்து கற்க வேண்டியது

சீனாவில் விலையைக் குறைக்க நாற்காலியை எடுத்தார்கள். காப்பி மலிந்தது. ஆனால் காப்பிக் கடையில் சந்தித்துப் பேசுவது குறைந்தது. கைபேசியைப் பார்த்துக்கொண்டே வாங்கி, கைபேசியைப் பார்த்துக்கொண்டே குடிக்கிறார்கள்.

நமக்கு அந்த வழி வேண்டாம். மலிவும் வேண்டும், நாற்காலியும் வேண்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. 1957-ல் வேலையிழந்த பரிமாறுபவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். 700 கோடி ரூபாயில் விடுதி கட்டத் தெரிந்த சர்க்காருக்கு, அதன் அருகிலேயே கூட்டுறவு முறையில் ஒரு காப்பி நிலையம் வைப்பது பெரிய காரியமா? மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. ஆவின் பால் இருக்கிறது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் நம் மாநிலத்துக் காப்பியே இருக்கிறது. வாடகை குறைவாக இடம் கொடுத்தால், நல்ல காப்பியை நியாய விலைக்குக் கொடுக்க முடியும். தோட்டக்காரருக்கும் பக்கத்திலேயே ஒரு வாடிக்கை கிடைக்கும்.

பிரேசில் மழையை நம்மால் பெய்ய வைக்க முடியாது. சீனாக்காரரைக் காப்பி குடிக்காதே என்று சொல்ல முடியாது. சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. நேற்று நாம் குடிக்க ஆரம்பித்தபோது யாரும் நம்மைத் தடுக்கவில்லையே!

ஆனால் வல்லக்கோட்டைச் சாலையில் ஒரு பெஞ்சு போடுவது நம் கையில் இருக்கிறது.

இரவு முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு விடியற்காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்ணுக்கு, சூடான ஒரு டம்ளர் காப்பி வேண்டும். அதைக் குடித்து முடிக்கும்வரை உட்கார ஓர் இடமும் வேண்டும்.